எங்களையும் எலிகளோடு சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஐந்தாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவன் (பெயர் சொன்னால் ஆறாம் ஆண்டும் இங்கேதான்),
உயிர்மருத்துவ அறிவியல் துறை,
தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம்.

பெறுநர்:
விலங்குகள் மீதான பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடும் குழு,
புது தில்லி.

பொருள்: ஆய்வு மாணவர்களை ஆய்வக விலங்குகளாக வகைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. 2) அதன்கீழ் வந்த 1998 விதிகள். 3) நேற்று இரவு 11.40க்கு எனக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி.

ஐயா / அம்மையீர்,

நான் எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவழைப்பவன். வரவழைத்த பிறகு ஒரு செடியின் சாற்றைக் கொடுத்து அதைக் குறைத்துக் காட்டுவேன். தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்தவர் நாலு பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேராவது இதே வேலையைச் செய்திருப்பார்கள். செடி மட்டும் மாறும். இதனால் அறிவியலுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை இந்த மனுவில் எழுப்பவில்லை. எங்கள் துறையிலும் யாரும் எழுப்புவதில்லை.

கோரிக்கை சிறியது. எங்களையும் உங்கள் பாதுகாப்பின்கீழ் கொண்டுவாருங்கள். ஐந்து வருடம் எலிகளோடு ஒரே தளத்தில் இருந்து, அவற்றுக்கு என்ன நடக்கிறது, எனக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கேட்கிறேன்.

என் 36 விஸ்டார் எலிகள் இந்தக் கட்டடத்துக்குள் வருமுன் ‘பி’ படிவம் நிரப்பினேன். நெறிமுறைக் குழுவில் எட்டுப் பேர். ஒருவர் கால்நடை மருத்துவர், ஒருவர் வெளியிலிருந்து வந்த விஞ்ஞானி, ஒருவர் விஞ்ஞானியே அல்லாத, சமூக அக்கறையுள்ள உறுப்பினர். அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று உங்கள் விதியே சொல்கிறது. ஏன் 36, 30 போதாதா என்றார்கள். ஒரு குரூப்புக்கு ஆறு, ஆறு குரூப் என்று கணக்குக் காட்டினேன். சமூக அக்கறை உறுப்பினர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஊசி போடுறப்ப அதுக்கு வலிக்குமே தம்பி, என்ன செய்வீங்க?”

நான் வந்தபோது நேர்முகம் ஏழு நிமிடம். நெட் மதிப்பெண் என்ன, ஃபெலோஷிப் கையில் இருக்கிறதா. இந்த ஆய்வுக்கு இன்னொரு மாணவன் தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழாசிரியையும் அங்கே இல்லை.

எலி அறையின் வெப்பநிலை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. 300 கிராம் வரை எடையுள்ள எலி ஒன்றுக்குக் கூண்டில் 187 சதுர செ.மீ. தரை. கூடி வாழும் பிராணி என்பதால் காரணமில்லாமல் தனியே அடைக்கக் கூடாது. ஞாயிறு, பொங்கல் என்று பாராமல் ஒருவர் வந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்காலர் அறையில் எட்டுப் பேருக்கு நான்கு மேசை. மே மாதத்தில் நாங்கள் எலி அறை வாசலில் நாற்காலி போட்டுத்தான் படிப்போம். கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் குளிர் வரும். என்னுடைய வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகி மூன்று வருடம் ஆகிறது, எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. எங்களைப் பார்க்க செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு கூடும். அன்று சமோசா வாங்கி வருவது என் பொறுப்பு.

இனி முக்கியமான விஷயம். எலியைக் கையில் எடுக்குமுன் எனக்குப் பயிற்சி தந்தார்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிடாதே. தோளைச் சுற்றிப் பிடி. அழுத்தாதே, மூச்சு விட இடம் கொடு. முதல் வாரம் ஊசியே வேண்டாம், உன் கை வாசனை அதற்குப் பழகட்டும். பிறகு தேர்வு வைத்துச் சான்றிதழும் தந்தார்கள்.

என்னைக் கையில் எடுத்தவருக்கு இதை யார் சொல்லித் தந்தார்கள்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறையை எடுத்துப் பார்த்தேன். கைடு ஆக முனைவர் பட்டம் வேண்டும். பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்றால் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள். உதவிப் பேராசிரியர் என்றால் மூன்று. பேராசிரியருக்கு எட்டு மாணவர், இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு என்று உச்சவரம்பும் உண்டு, கூண்டுக்கு இத்தனை எலி என்பதைப் போல. தோற்றுப்போன சோதனையை மாணவனோடு உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்று ஒரு நாள் வகுப்புக்காவது போனீர்களா என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை. ஐந்து கட்டுரை எழுதியவருக்கு ஆளை வளர்க்கத் தெரியும் என்பது, ஐந்து பிள்ளை பெற்றவருக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும் என்பதைப் போன்ற நம்பிக்கை.

எங்கள் சாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. (இந்த வாக்கியம் இல்லாத மனு எங்கள் ஊரில் கிடையாது.) அவர் கெட்டவர் இல்லை. காலையில் இரண்டு எம்.எஸ்சி. வகுப்பு, அப்புறம் நாக் தரமதிப்பீட்டுக் கோப்பு, மதியம் கொள்முதல் கமிட்டி, மாலையில் துணைவேந்தர் கூட்டிய கூட்டம். நாங்கள் எட்டுப் பேரும் அவர் அறை வாசலில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்போம். அவருடைய கைடு கத்தியே அவரை வளர்த்தாராம், ஒருமுறை குடுவையைச் சுவரில் எறிந்தாராம். “நான் எவ்வளவோ பரவாயில்லப்பா, எதையும் எறிஞ்சதில்ல” என்பார் சார். உண்மைதான், எறிந்ததில்லை. ஒரே சொல்தான் சொல்வார்: “ரிப்பீட்.”

முதலாண்டில் வெஸ்டர்ன் பிளாட் என்ற என் புரதச் சோதனை ஏழு முறை வெறும் வெள்ளையாக வந்தது. ஏழு முறையும் ரிப்பீட். எட்டாவது வாரம், ஜெல் டாக் கருவி கேட்டு வந்த பக்கத்துத் துறை மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் அதுவரை என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி. பிறகு இரண்டு ஆன்டிபாடி புட்டிகளின் லேபிளையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முதலாவது முயலில் தயாரித்தது. இரண்டாவதாக நான் ஊற்றிக்கொண்டிருந்தது சுண்டெலியின் ஆன்டிபாடியைப் பிடிப்பது. ஏழு வாரமாக அவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. வாசித்து முடிக்குமுன் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மொத்தம் இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்துக்கு மேடத்தின் பதவி உயர்வுப் படிவத்தில் கட்டமே கிடையாது. கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. பட்டம் வாங்கி முடித்த மாணவனுக்கும் உண்டு. அவன் எப்படி வாங்கினான் என்பதற்கு இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டால் எலியின் கணையத்தில் பீட்டா செல்கள் உடைந்து, இருக்கிற இன்சுலின் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். சர்க்கரை சடாரென்று இறங்கி எலி செத்துப்போகலாம். அதனால் அன்று இரவு கூண்டில் குளுக்கோஸ் தண்ணீர் வைப்போம். மாணவர்களை வழிநடத்துவதைப் பற்றி இதைவிடத் தெளிவான நெறிமுறையை நான் எங்கும் படித்ததில்லை. பார்வை 3இல் உள்ள செய்தி, என் முதல் கட்டுரை நிராகரிக்கப்பட்டதற்குச் சார் அனுப்பியது. “அடுத்த ஜர்னல்.” ரிப்பீட்டைவிட ஒரு சொல் கூடுதல் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அந்தக் கட்டுரையில் நான்காவது பெயர் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கருவி இருந்த அறையின் சாவி அவரிடம் இருந்ததாம். இன்சுலினைக் கண்டெடுத்த கதை எங்கள் துறைக்குக் குலக்கதை மாதிரி: 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும், உடனிருந்த 22 வயது மாணவர் பெஸ்ட்டும். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும், ஆய்வகம் தந்த பேராசிரியர் மெக்லியோடுக்கும் போனது. பான்டிங் தன் பங்கில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். நான் பாதியெல்லாம் கேட்கவில்லை. நான்காமவரின் முகத்தை ஒருமுறை காட்டினால் போதும்.

தீவனம் பற்றியும் சொல்ல வேண்டும். எலிக்கு அது ஒரு நாளும் தவறியதில்லை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000. நல்ல தொகைதான். எனக்கு எட்டு மாதம் வராமல் இருந்து ஒரே நாளில் வந்தது. அதற்குள் அக்காவின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போய்விட்டன.

சட்டச் சிக்கல் ஒன்று இருப்பது தெரியும். 1960 சட்டத்தின்படி விலங்கு என்றால் மனிதர் நீங்கலாக உள்ள எந்த உயிரும். அந்த விலக்கை எங்களுக்குத் தளர்த்தினால் எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்சேபணை வராது என்று நம்புகிறேன். அந்தச் சட்டத்துக்கு வித்திட்டது மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. 1962இல் அவர் தலைமையில் அமைந்த விலங்குகள் நல வாரியம் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. அவர் வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசினார். நாங்கள் வாயுள்ளவர்கள்தான். ஆய்வேட்டுச் சினாப்சிஸில் கைடு கையெழுத்து விழும்வரை அதைத் திறப்பதில்லை, அவ்வளவே.

ஆகவே வேண்டுவது: மாணவனை எடுக்குமுன் கைடுக்கும் பயிற்சி, எலியை எடுக்குமுன் எனக்குத் தந்த அளவுக்காவது. எங்கள் ஆலோசனைக் குழுவிலும் ஒரு தமிழாசிரியை. எவ்வளவு எடை குறைந்தால் சோதனையை நிறுத்துவோம் என்று எலிக்கு முன்கூட்டியே எழுதித் தருகிறோமே, அப்படி எங்களுக்கும் ஒரு நிறுத்தப் புள்ளி. இப்போது இருப்பது ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. விலங்குச் சோதனைக்கு உலகமே சொல்லும் மூன்று ஆர்களோடு (மாற்று, குறைப்பு, மேம்பாடு) நம் நாட்டில் நான்காவதாக மறுவாழ்வையும் சேர்த்திருக்கிறீர்கள், சோதனை முடிந்த பிராணியை என்ன செய்வது என்பதற்காக. முனைவர் பட்டம் முடித்து, 34 வயதில், கௌரவ விரிவுரையாளர் விண்ணப்பத்தோடு நிற்கும் என் சீனியர்களையும் அதில் சேர்க்க வேண்டுகிறேன்.

உங்கள் பிரதிநிதி அடுத்த ஆய்வுக்கு வரும்போது எலி அறையோடு திரும்பிவிடாமல், இடப்பக்கம் மூன்றாவது கதவையும் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு வந்தாலும் ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஐந்தாம் ஆண்டு.

நகல்: பக்கத்துத் துறை மேடம் அவர்களுக்கு, நன்றியுடன்.