கபாலமர்த்தனப் பாலகர்

1984-ஆம் வருஷத்தில், பிரேஸில் தேசத்துப் பெலோ ஹொரிசோன்டே நகரத்தில், மாக்ஸ், இகோர் என்னும் கவலேரா சகோதரர்கள், மீசை அரும்புமுன்னரே மரண சிந்தனை முற்றியவர்களாய், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மெட்டல் குழுவை ஸ்தாபித்து, அதற்குச் 'செபுல்துரா', அதாவது போர்த்துக்கீசிய பாஷையில் 'கல்லறை', என்று நாமகரணம் செய்தார்கள். பெயர் வைக்கும்போதே தீர்க்காயுசு வேண்டுவது நம் வழக்கம். இவர்கள் காரியத்தை மறுகோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுவருஷம் வெளிவந்த முதல் இசைத்தட்டில் ஒரு பக்கந்தான் இவர்களுக்கு வாய்த்தது, மறுபக்கம் வேறொரு குழுவுக்குப் போயிற்று; ஆயினும் அந்த ஒரு பக்கத்துக்குள்ளேயே, 14 பிராயத்தில் டிரம்ஸ் முழக்கிப் பதிவு செய்த இகோர், 'கபாலமர்த்தனன்' என்று பொருள்படும் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டுவிட்டான். இத்தனை பயங்கரத்தையும் உலகுக்கு வழங்கிய கம்பெனி, அதே ஊரில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு கடை. அதன் திருநாமம் 'கொகுமெலோ': காளான்.