விளம்பரம் என்னும் அருங்கலை

வேலைவாய்ப்பு விளம்பரம் ஓர் உயர்ந்த புனைவிலக்கிய வகை என்பதைத் தமிழ்நாட்டில் நேர்காணல் அறை வரை சென்றவர்களே முழுமையாக அறிவர். ‘அலுவலக நிர்வாகி, நிலையான ஊதியம்’ என்று படித்து வந்த பட்டதாரியிடம் இருசக்கர வாகனம் உண்டா என்று வினவி, காப்பீடு எடுக்கக்கூடிய உறவினர் நூறு பேரின் பட்டியலையும் கேட்கும் நிறுவனம், சிதறிக் கிடக்கும் சுற்றத்தை ஒன்றிணைக்கும் பண்பாட்டுப் பணியை ஊதியமின்றிச் செய்விக்கிறது. ‘சி.டி.சி.’, அதாவது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் ஏற்கும் மொத்தச் செலவு, இன்னும் நுட்பமானது. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதியும், 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுப் பணிக்குப் பின் வழங்கச் சொன்ன பணிக்கொடையும் அதில் அடங்குவதால், ஆறு மாதத்தில் விலகுபவரும் ஐந்தாண்டுச் செல்வத்தைத் தாளிலேயே துய்க்கிறார். மின்தூக்கியின் மின்கட்டணத்தையும் இவ்வாறே ஊதியத்தில் சேர்த்துவிட்டால் வறுமை அறவே ஒழியும். நிறைவாக, தாம் அளித்த விவரங்கள் யாவும் உண்மை என்றும், ஒன்று தவறினும் பணிநீக்கத்துக்கு இசைவதாகவும் விண்ணப்பதாரர் கையொப்பமிட வேண்டும். தாம்பரம் தாண்டி வசிப்பவர் ஊர்ப்பெயருக்கு நேரே ‘சென்னை’ என்று எழுதியிருப்பின், அந்நேர்மைக் குறைவு கண்டு நிறுவனம் அடையும் மனவேதனை அளவிடற்கரியது.