பூட் பண்ணு என்றால் பூட்டாதே

கேள்வி: ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ‘பூட் பண்ணு, சி.சி. போடு’ என்கிறார்கள். இந்தக் கம்ப்யூட்டர் இங்கிலீஷ் எப்போது பிடிபடும்?
- வாசகி, திருத்தணி

பதில்: முதலில் ஒன்று. பூட் பண்ணச் சொன்னால் ஆபீசைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அது செருப்புக் குடும்பத்துச் சொல். தன் பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்று இங்கிலீஷ்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டரும் சுவிட்சைத் தட்டியதும் தானே எழுந்துகொள்கிறதே, அதனால் அந்தப் பெயர்.

சி.சி. என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் படித்த அத்தை யாராவது இருந்தால் கேளுங்கள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒரு கார்பன் தாள், விரல் நுனியெல்லாம் மை, ஒரு எழுத்து தப்பினால் இரண்டு தாளிலும் ரப்பர். தாள் போயிற்று, பெயர் போகவில்லை. பி.சி.சி. என்பது அதே நகல்தான், யாருக்குப் போகிறது என்பது மட்டும் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. மேனேஜர் பெயரை எதில் போடுகிறீர்கள் என்று இரண்டு தடவை பாருங்கள்!

உங்கள் ஊருக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. 1960-ல் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஊர். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அந்தப் பக்கம் ‘ஹேங்க் அயிந்தி’, இந்தப் பக்கம் ‘ஹேங்க் ஆயிடுச்சு’. வால்தான் மாறுகிறது, ஹேங்க் அப்படியே நிற்கிறது.

பயிற்சிக்கு உங்கள் ஊர் மலையே இருக்கிறது, 365 படி. ஏறினால் ஸ்க்ரோல் அப், இறங்கினால் ஸ்க்ரோல் டவுன். நடுவில் மூச்சு வாங்கினால், பஃபரிங்.