‘அட்ச்சான்’ கணக்கு

கே: “செக்கெட், பேக்கெட், லோடெட்” என்று கண்டெய்னர் விவரம் சொன்னேன். மும்பை ஆபீஸில் சிரிக்கிறார்கள். எது தப்பு?
– கிளியரிங் ஆபீஸ் ஊழியர், ராயபுரம்

ப: ‘லோடெட்’ சரி. ‘பேக்கெட்’ என்றதும் அவர்கள் பொட்டலத்தைத் தேடியிருப்பார்கள்! லோட், வான்ட் மாதிரி ‘ட்’டில் முடியும் வினைக்கு மட்டுமே ‘எட்’ தனியாக ஒலிக்கும். மற்றவை செக்ட், பேக்ட்.

கே: எழுதியிருப்பதை முழுசாகச் சொன்னால் என்ன?
– லேத் பட்டறைக்காரர், திருவொற்றியூர்

ப: ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களும் முழுசாகத்தான் சொன்னார்கள். ஷேக்ஸ்பியர் (1564–1616) நாளில் இரண்டு விதமும் உண்டு. கவிஞர்கள் சந்தத்துக்குத் தோதானதை எடுத்துக்கொண்டார்கள். பிறகு நடுவிலிருந்த உயிர் தேய்ந்தது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. உங்கள் தெருவில் ‘அடித்தான்’ என்றா சொல்கிறார்கள்? ‘அட்ச்சான்’! இகரத்தை விழுங்கிய வாய்க்கு ஒரு எகரம் பெரிசா?

கே: பார்க்ட், சீல்ட் இரண்டிலும் கடைசி ஒலி ஒன்றுதானா?
– டிரெய்லர் டிரைவர், எண்ணூர்

ப: இல்லை. தொண்டையில் விரல் வையுங்கள். ‘பார்க்’ முடியும்போது அதிர்வு இல்லை. அதன் பின்னால் ‘தட்டு’வில் வரும் வன்மையான ட். ‘சீல்’ முடியும்போது அதிரும். அங்கே ‘வண்டி’யில் வரும் ட். ஒரே எழுத்து, இரண்டு ஒலி. தமிழில் இதை யாரும் சொல்லித்தராமலே சரியாகச் சொல்கிறீர்களே!

கே: ‘பார்க்டு’ என்று கடைசியில் ‘உ’ ஒட்டிக்கொள்கிறதே?
– கல்லூரி மாணவி, காசிமேடு

ப: தொல்காப்பியர் காலத்துப் பழக்கம், லேசில் போகாது. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. பந்து, பட்டு என்று குற்றியலுகரம் துணைக்கு வரும். உங்கள் ஊரில் கடலுக்குப் போவதும் ‘போட்டு’தானே! தமிழ் பேசும்போது அந்த ‘உ’ அழகு. இன்டர்வியூவுக்குப் போகும்போது மட்டும் அதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கே: கோர்ட்டில் வக்கீல் ‘லேர்னெட் ஃபிரெண்ட்’ என்கிறாரே, அவருமா தப்பு?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

ப: அவர் சரி. ‘கற்றறிந்த’ என்று பெயருக்கு அடையாக வந்தால் ‘லேர்னெட்’. கறுப்பு கோட்டு மாதிரி பழைய உச்சரிப்பும் அங்கே தப்பிவிட்டது. கெட்டவனைச் சொல்லும் ‘விக்கெட்’டும் அப்படியே. ‘பாடம் கற்றேன்’ என்றால் மட்டும் ‘லேர்ன்ட்’.

கே: சுருக்கமாக ஒரு வழி?
– அப்ரண்டிஸ், எண்ணூர்

ப: ‘வாண்டடா வம்புக்கு வர்றான்’ என்கிறீர்களே, அந்த ‘வாண்டட்’ சரி, அது ‘ட்’ கட்சி. மற்றதெல்லாம் ‘அட்ச்சான்’ கணக்கு.