அணைக்கட்டு வட்டாரக் கரண்டிகளின் இடப்பெயர்ச்சி: ஒரு முன்னோடி ஆய்வு

அமெரிக்காவில் பழைய ஸ்டெர்லிங் வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி சேகரிக்கிறவர்கள் ஒரு கரண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். முகத்தில் உள்ள பூவும் கொடியும் பிறகுதான். முதுகில் ஒரு சிங்கம், ஒரு நங்கூரம், ஓர் ஆங்கில 'ஜி' வரிசையாக இருந்தால் அது பிராவிடன்ஸ் நகரத்துக் கோர்ஹாம் கம்பெனிச் சரக்கு. 'ஸ்டெர்லிங்' என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. அணைக்கட்டிலும் ஒரு கரண்டி கைக்கு வந்தால் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். உலோகத்தின் தரம் பற்றி இங்கே யாருக்கும் சந்தேகமில்லை, அது எவர்சில்வர். பார்ப்பது, யார் வீட்டுக் கரண்டி என்பதை.

ஒருவரையொருவர் அறியாத இரண்டு சமூகங்கள் ஒரே பொருளை ஒரே மாதிரி கவிழ்ப்பது தற்செயலாக இருக்க முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். தற்செயல்தான் என்றால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். அதில் யாருக்கும் லாபமில்லை.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துவிடுவது முறை. வேலூர் மாவட்டத்தில், பின்னால் ஜவ்வாது மலை நிற்க, பள்ளிகொண்டாவும் ஒடுகத்தூரும் அக்கம்பக்கமாக இருக்க, நடுவில் இருக்கிற வட்டத் தலைமையிடம் அணைக்கட்டு. மேற்கே போனால் ஆம்பூரின் தோல் தொழிற்சாலைகள். கிழக்கே ஶ்ரீபுரத்தில் 2007இல் குடமுழுக்கு கண்ட பொற்கோயில். தோலும் தங்கமும் இப்படி இரண்டு பக்கமும் இருக்க, ஒருவன் ஏன் கரண்டியை ஆராய வேண்டும் என்று கேட்கலாம். தோலுக்கு மத்திய ஆராய்ச்சி நிறுவனமே சென்னையில் இருக்கிறது. தங்கத்துக்குக் காவல் இருக்கிறது. கரண்டிதான் நாதியற்றுக் கிடக்கிறது.

இப்பகுதிக்கும் அமெரிக்காவுக்கும் பழைய தொடர்பு உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1853இல் ஆற்காடு மிஷன் தொடங்கியது. அதன் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கட்டர் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தார்கள். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன கரண்டி கிடந்தது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. எல்லை என்பது ஆய்வாளர் களைத்துப்போகிற இடம் என்று அறிஞர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அப்படித்தான்.

இனி வகைப்பாடு. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் சுரங்கத்தின் வெள்ளி வெளிப்பட்டது. வெள்ளி மலிந்தது. மலிந்த வெள்ளியை என்ன செய்வது என்று யோசித்த கம்பெனிகள், மனிதன் சாப்பிடுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி செய்துவிட்டன. சிப்பிக்கு ஒரு முள்கரண்டி, மத்தி மீனுக்கு ஒன்று, ஸ்ட்ராபெரிக்கு ஒன்று. தக்காளித் துண்டை எடுத்துப் போட ஒரு கரண்டி, வெள்ளரித் துண்டுக்கு வேறு கரண்டி. உருளைக்கிழங்கு வறுவல் புதிதாக வந்தபோது அதற்கும் ஒன்று வந்தது. ஒரே வேலைப்பாட்டில் நூறு வகைக்கு மேலும் போனது. 1920களில் வணிகத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் தலையிட்டு, புதிய வேலைப்பாடு எதிலும் 55 வகைக்கு மேல் வேண்டாம் என்றார். அவரே 1929இல் அதிபரானார். அந்த வருஷமே பங்குச்சந்தை சரிந்தது. கரண்டியில் கை வைத்த பாவம் என்று இக்கட்டுரையாளர் சொல்லவில்லை. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைக்கிறார், அவ்வளவுதான்.

அணைக்கட்டில் ஹூவருக்கு வேலை இருந்திருக்காது. குழிக்கரண்டி, சாதக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைத்திருப்பி, தாளிப்புக் கரண்டி, நெய்க்கரண்டி, பூஜையறையில் உத்தரணி, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாலாடை. அகப்பை அடுப்படியிலிருந்து அநேகமாகப் போய்விட்டது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பொருள் அழியா விதியில் மட்டும் வாழ்கிறது. பக்கத்து ஆம்பூரில் நிலைமை இன்னும் சிக்கனம். சீரகச் சம்பா பிரியாணியை அண்டாவிலிருந்து அள்ளக் கரண்டியே தேவையில்லை. ஒரு சின்னத் தட்டை அண்டாவுக்குள் சரித்து விட்டு வெட்டி எடுக்கிறார்கள். அரிசி உடையாது. அமெரிக்கக் கம்பெனி எதுவும் அப்போது இந்தப் பக்கம் வராமல் போனது நல்லதுதான். வந்திருந்தால் அந்தத் தட்டுக்கும் ஒரு பெயர் வைத்து, கைப்பிடியில் ரோஜாப்பூ போட்டிருப்பார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு: அமெரிக்க மேசையில் கரண்டி சாப்பிடுகிறவருடையது; இங்கே பரிமாறுகிறவருடையது. சாப்பிடுகிறவருக்குக் கை இருக்கிறது. ஆகவே அங்கே ஆளுக்கு ஒன்று தேவை, இங்கே பாத்திரத்துக்கு ஒன்று போதும். பாத்திரம் வெளியூர் போனால் கரண்டியும் கூடவே போகும். இடப்பெயர்ச்சியின் விதை இங்கேதான் விழுகிறது.

எவர்சில்வர் எப்படி வெள்ளியின் இடத்தைப் பிடித்தது என்பது தனி நூலுக்குரிய பொருள். ஒரு துணுக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். மதராஸ் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'சுவாமி வேலைப்பாடு' என்று வெள்ளிச் சாமான்களில் தெய்வ உருவங்களைப் பதித்து விற்றது. நம் சாமிகளைத் தொட்டுக்கொண்டு துரைமார் தேநீர் ஊற்றினார்கள். அணைக்கட்டு வீடுகளில் வெள்ளி என்பது கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழ், பாலாடை. அவையும் வருஷத்தில் பாதி நாள் அடகுக் கடை இரும்புப் பெட்டியில் இருக்கும். இவ்வட்டாரத்தின் மிக முழுமையான வெள்ளிச் சேகரம் அங்கேதான் உள்ளது. பார்வை நேரம் உண்டு. வட்டி கட்ட வேண்டும்.

இன்னொரு வெள்ளி பீரோவில் மடித்துக் கிடந்தது. பட்டுப்புடவையின் அசல் ஜரிகை என்பது தங்க முலாம் பூசிய வெள்ளி இழை. 'பழைய பட்டுப்புடவைக்குப் பாத்திரம்' என்று தெருவில் குரல் கேட்டால், கிழிந்த கல்யாணப் புடவையைக் கொடுத்துவிட்டு ஓர் எவர்சில்வர் குண்டான் வாங்கிக்கொள்வார்கள். அதாவது வெள்ளியைக் கொடுத்து இரும்பை வாங்குவது. படிப்பறிவில்லாத வியாபாரம் என்று அவசரப்படக் கூடாது. 1979இல் ஹண்ட் சகோதரர்கள் டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு வெள்ளியை வளைத்துப் பிடித்ததில், அவுன்ஸ் ஆறு டாலர் சொச்சத்துக்கு விற்றது 1980 ஜனவரியில் ஐம்பதை நெருங்கியது. படித்த அமெரிக்கக் குடும்பங்கள் பாட்டியின் கரண்டிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய் உருக்கக் கொடுத்தன. மார்ச்சில் விலை குப்புற விழுந்தது. டாலர் வாங்கியவர்களிடம் டாலர் செலவாகிவிட்டது. அணைக்கட்டில் அந்தக் குண்டான் இன்னும் இருக்கிறது. அதில் சாம்பார் கொதிக்கிறது.

இப்போது மையப் பிரச்சினைக்கு வரலாம்: பேர். அமெரிக்க மணப்பெண்ணின் கரண்டிகளில் அவள் பெயரின் முதலெழுத்துகளை வளைத்து நெளித்துப் பொறிப்பது வழக்கம். இன்றைய சேகரிப்பாளருக்கு அது தொந்தரவு. யாரோ ஒருத்தியின் எழுத்து இருந்தால் விலை குறையும். சிலர் அதைத் தேய்த்தே எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் வெள்ளி மெலிந்து, விவரம் தெரிந்தவர் கட்டைவிரலை வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார். இங்கே நிலைமை தலைகீழ். பேர் வெட்டாத பாத்திரம் கடையை விட்டு வெளியே வருவது அபூர்வம். வேலூர் லாங்கு பஜாரில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, பில் போட்டதும் அடுத்த கேள்வி 'பேர் இன்னா போடட்டும்?' பேனா மாதிரி ஒரு மின்கருவியை எடுத்து, டர்ர்ரென்று புள்ளிப்புள்ளியாக எழுதித் தள்ளுகிறான் பையன். காகிதத்தில் மாதிரி எழுதிப் பார்ப்பதில்லை. அழிக்கவும் முடியாது. எனவே எழுத்துப்பிழைகள் நிரந்தரத்தன்மை பெறுகின்றன. 'அன்பளிப்பு' என்பதில் ஒற்று விடுபட்ட கரண்டிகள் அணைக்கட்டு வட்டாரத்தில் ஏராளம். கைப்பிடியில் இடம் போதாமல் கடைசி எழுத்து வளைவில் ஏறி நிற்பவையும் உண்டு. கல்வெட்டு படிக்கிறவர்கள் இந்தப் பயிற்சியைக் கரண்டியில் தொடங்கினால் கோயில் சுவரில் சிரமப்பட மாட்டார்கள்.

சொந்தக்காரர் பேர் போக, விசேஷத்தின் பேரும் வெட்டப்படுகிறது: காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கூடவே தேதி. இதற்கு இணையான அமெரிக்கச் சான்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் டேனியல் லோ என்ற நகைக்கடைக்காரர் 1890களின் தொடக்கத்தில் விற்ற நினைவுக் கரண்டி. அந்த ஊர்ச் சூனியக்காரி விசாரணையை நினைவூட்ட, கைப்பிடியில் விளக்குமாற்றோடு ஒரு சூனியக்காரி. நாடெங்கும் நினைவுக் கரண்டிப் பைத்தியம் பிடித்தது. நம் சேலத்தில் கொலுசு செய்து விற்கிறார்கள். சூனியம் விற்றதாகத் தகவல் இல்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர் தன் கரண்டியின் காலத்தைக் கணிக்கப் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்ட வேண்டும். அணைக்கட்டுக் கரண்டியில் நாள், மாதம், வருஷம், மண்டபம் எல்லாம் இருக்கும். காதணி விழாவில் போட்ட கம்மல் அடகில் மூழ்கியிருக்கலாம்; கரண்டி இருக்கிறது.

ஆனால் வேறு ஒருவர் வீட்டில் இருக்கிறது. பேர் வெட்டுவதன் நோக்கமே திரும்பி வர வேண்டும் என்பதுதானே? களப்பணி காட்டுவது அதற்கு நேர்மாறு. பேர் இல்லாத கரண்டி தவறி வந்தால், வைத்திருக்கிறவருக்கு உறுத்தல். தெரு முழுக்க விசாரித்துக் கொடுத்துவிடுவார். பேர் உள்ள கரண்டி யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தபின் என்ன அவசரம்? 'யக்கா, உங்க வூட்டு ஜல்லிக்கரண்டி எங்க வூட்லதான் கீது, பத்ரமா கீது' என்று சொல்லியாகிவிட்டது. கொடுத்தவரும் கவலைப்படுவதில்லை. உரிமை எவ்வளவு உறுதியாகிறதோ, அவ்வளவு தாமதமாகிறது திரும்புதல். இதை அணைக்கட்டு விதி என்று அழைக்க இக்கட்டுரையாளர் முன்மொழிகிறார். எதிர்ப்பு இதுவரை வரவில்லை.

உலக இலக்கியத்தில் இதை அணுகிய ஒரே தரமான ஆய்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்போர்னின் பர்னெட் ஆய்வு நிறுவனத்தில், ஓய்வறைகளில் 70 தேக்கரண்டிகளில் யாருக்கும் தெரியாமல் எண் குறித்து வைத்து ஐந்து மாதம் கண்காணித்தார்கள். 56 காணாமல் போயின. ஒரு கரண்டியின் அரை ஆயுள் 81 நாள். பொது ஓய்வறைகளில் 42 நாளே. 70 கரண்டி நிலையாக இருக்க வேண்டுமானால் வருஷத்துக்குச் சுமார் 250 வாங்க வேண்டும் என்றும் கணக்கிட்டு, 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். உயர்ந்த ரகக் கரண்டி, சாதா கரண்டி என்ற பேதமும் இல்லாமல் எல்லாம் போயின. அபாரமான ஆய்வு. ஒரே குறை: எண் போட்டார்களே தவிர, பேர் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அவை காணாமல் போயிருக்காது; அடுத்த வீட்டில் பத்திரமாக இருந்திருக்கும்.

அணைக்கட்டில் எதுவும் காணாமல் போவதில்லை. திரும்பாமல் இருக்கிறது, அவ்வளவே. வீடு வீடாகப் போய்க் கரண்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தால், எந்த வீட்டு விசேஷத்துக்கு யார் சமையலுக்கு ஒத்தாசை செய்தார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது, எப்போது நின்றது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சண்டை வந்தால் முதல் வேலையாகக் கரண்டிகள் திரும்பிவிடும். ஆகவே எல்லாக் கரண்டிகளும் தன் வீட்டிலேயே இருக்கிற குடும்பத்தைப் பற்றி ஆய்வாளர் சற்றே கவலைப்பட வேண்டும்.

கடைசியாக ஜல்லிக்கரண்டி. எல்லாக் கரண்டிகளிலும் மிகத் தாமதமாகத் திரும்புவது இதுவே என்பதற்குக் காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. பூரி சுடுவதும் வடை போடுவதும் அவ்வளவு அடிக்கடி நடக்கிற காரியமல்ல. விடை, அண்டை வீட்டுப் பெரியம்மா ஒருவரிடம் கிடைத்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. குண்டானில் கொஞ்சம் குழம்பு போகும், டம்ளரில் சர்க்கரை போகும், குழிக்கரண்டியில்கூட நாலு கல்லுப்பு போட்டுக் கொடுக்கலாம். 'ஜல்லிக்கரண்டில இன்னாத்தப் போட்டுத் தர்றது? எதப் போட்டாலும் ஒழுவிடும்.' அதனால் அது அங்கேயே இருந்தது. தீபாவளி வந்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கிண்ணத்தில் அதிரசம் அடுக்கி, மேலே ஜல்லிக்கரண்டியை வைத்துப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். கிண்ணத்தில் அவர் வீட்டுப் பேர் வெட்டியிருக்கிறது. அதில் எதைப் போட்டுத் திருப்புவது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.