கல்லூரியை விட்டு நின்று கம்பெனி தொடங்குவது எப்படி? கிளியனூர் சுற்றுவட்டார இளைஞர்களுக்கு ஒரு கையேடு

கல்லூரியை விட்டு நிற்க உகந்த நாள், மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள். எத்தனை அரியர் என்று வீட்டுக்குத் தெரிவதற்குள் நீங்கள் நிறுவனர் ஆகிவிட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் 'அரியர் வைத்ததால் நின்னுட்டான்' என்று ஊர் சொல்லிவிடும். முந்திக்கொண்டால் 'ஸ்டார்ட்அப்புக்காக நின்றேன்' என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

ஐடியாவுக்கு அலைய வேண்டாம். கிளியனூர் ஸ்டாப்பிங்கில் திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் போதும். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையோ சவுக்குத் தோப்போ, முதலில் கண்ணில் படுவதற்கு ஓர் ஆப் போடுங்கள். மல்லாட்டை என்றால் விவசாயியையும் ஆலைக்காரரையும் நேராகச் சேர்த்து இடைத்தரகரை ஒழிப்பதாகச் சொல்லுங்கள். கேட்பவர்கள் கட்டாயம் தலையாட்டுவார்கள். அந்த இடைத்தரகர் உங்கள் பெரியப்பாவாக இருந்தால் தீபாவளி முடிந்து அறிவிப்பது நல்லது.

ஆனால் ஒன்று, பெரியப்பா கொள்முதல் செய்யும் இடத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்துவிடாதீர்கள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து நாலு காய் எடுப்பார். காதோரம் வைத்துக் குலுக்குவார். கலகலவென்றால் காய்ந்திருக்கிறது, சத்தமில்லை என்றால் ஈரம். அப்புறம் உடைத்துப் பருப்பைப் பார்ப்பார். விலை அதற்குப் பிறகுதான். அந்த விவசாயிக்கு விதைக்கும் களையெடுப்புக்கும் முன்பணம் கொடுத்தவரும் அவராகவே இருப்பார். இதையெல்லாம் பார்த்துவிட்டால், குலுக்கிப் பார்க்கும் பொத்தானை ஆப்பில் எங்கே வைப்பது, முன்பணம் யார் கொடுப்பது என்ற கேள்விகள் எழும். ஐடியா அன்றோடு படுத்துவிடும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளும் நுழைய வேண்டாம். டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களைத் தந்த இடம் அது. மல்லாட்டையில் தீராத பிரச்சினைகள் எவை என்று நிஜமாகவே சொல்லிவிடக் கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது கதையைப் பாதியில் நிறுத்தத் தெரிய வேண்டும். பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டார், சரி. அவர் அப்பா சியாட்டிலில் வக்கீல் என்பது உங்கள் அப்பாவுக்குத் தேவையில்லாத செய்தி. ஜக்கர்பெர்க் 2004இல் விட்டார், அதுவும் சரி. விடுதி அறையிலிருந்தே ஃபேஸ்புக்கைத் தொடங்கி, சக மாணவர்களையே முதல் வாடிக்கையாளர்களாக்கி, முதலீடு கைக்கு வந்த பிறகுதான் அவர் படிப்பை விட்டார் என்று வாய் தவறிச் சொன்னால், 'அப்ப நீயும் ஹாஸ்டல்லயே இருந்து செய்யேன்' என்பார் அம்மா. ஜி.டி.நாயுடுவைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தையே விட்டவர், 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தவர். ஆனால் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமானவரும் அவர்தான் என்பதை அமுக்கிவிடுங்கள்.

கடலூர் சி.கே.ரங்கநாதன் பெயரை மட்டும் எடுக்கவே கூடாது. 1983இல் 15,000 ரூபாயோடு குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து, பாக்கெட் ஷாம்பு விற்று, கவின்கேர் நிறுவனம் வரை போனவர். கிளியனூர் இருக்கும் விழுப்புரமும் கடலூரும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். நம்ம ஆள் என்றே சொல்லிக்கொள்ளலாம். என்ன செய்வது, மனிதர் பி.எஸ்சி. வேதியியலை முடித்துத் தொலைத்திருக்கிறார்.

இனி நிதி. அமெரிக்காவில் பீட்டர் தீல் என்ற முதலீட்டாளர் 2011 முதல் இளைஞர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்துக் கல்லூரியை விடச் சொன்னார். (அவர் ஸ்டான்ஃபோர்டில் தத்துவமும் சட்டமும் முழுசாகப் படித்தவர்.) இங்கே தலைகீழ். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக்குப் போக அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பங்கு கேட்காத, மீட்டிங் வைக்காத, லாபம் எப்போது என்று நச்சரிக்காத முதலீட்டாளர் உங்கள் வாழ்க்கையில் இவர் ஒருவர்தான். கம்பெனி தொடங்கும் உற்சாகத்தில் முதல் வேலையாக அவரைக் கழற்றிவிடப் போகிறீர்கள். அப்பா தாலுக்கா ஆபீசுக்கு நடந்து வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழும் வீண்தான். முதல் நிறுவனர் சான்றிதழ் என்று எந்தத் தாசில்தாரும் தருவதில்லை.

வங்கிக் கடன் வேண்டுமானால் விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் தொழிலுக்கே எட்டாம் வகுப்பு பாஸ் போதும். ஆக, கடன் வாங்க டிகிரி வேண்டியதில்லை. டிகிரியை விட்டுவிட்டு வந்ததற்குத் தனி மதிப்பெண்ணும் இல்லை. திட்ட அறிக்கை, மெஷின் கொட்டேஷன், கையிலிருந்து எவ்வளவு போடுவீர்கள் என்பதைத்தான் கேட்பார்கள்.

வீட்டில் சொல்லும் கட்டம்தான் கடினம். 'பர்ன் ரேட்' (மாதாமாதம் கரையும் பணம்) என்று ஆரம்பிக்காதீர்கள். 'அது வரவா, செலவா?' என்பார் அப்பா. அவர் அடுத்துக் கேட்கப்போவது இதுதான்: 'இத்த வாங்குறவன் யாருடா?' ஊர்ப் பெயரோடு பத்து ஆட்களைச் சொல்ல முடிந்தால் அவரே வண்டி எடுத்துக்கொண்டு உங்களோடு கல்லூரிக்கு வருவார். முடியாவிட்டால் மோட்டார் போட்டுவிட்டு வந்தேனா என்று பார்த்து வருவதாகச் சொல்லி எழுந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அண்ணா பல்கலைக்கழக விதிகளில், முன் அனுமதி வாங்கிப் படிப்பை ஓராண்டு வரை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடித்தால் போதும். 2019இல் மத்தியக் கல்வித் துறை கொண்டுவந்த ஸ்டார்ட்அப் கொள்கையும் மாணவர்களுக்கு இப்படி இடைவெளி தரலாம் என்கிறது. பேட்டி கொடுக்கும்போது இது நன்றாக இருக்காது. 'லீவு போட்டுக் கம்பெனி தொடங்கினார்' என்று எந்தப் பத்திரிகையாவது தலைப்பு வைக்குமா? ஆகவே விண்ணப்பத்தை ரகசியமாகக் கொடுத்துவிட்டு, ஊரில் 'நின்னுட்டேன்' என்றே சொல்லி வாருங்கள்.

கடைசியாக விசிட்டிங் கார்டு. ஆயிரமாக அடித்தால் விலை குறையும் என்பார் பிரஸ்காரர். நூறு போதும். பின்பக்கத்தை வெள்ளையாக விடச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் கணக்குப் பேப்பருக்கு ஃபார்முலா எழுதி மனப்பாடம் செய்ய அந்த அளவு அட்டை தோதாக இருக்கும்.