தருமி ஊர்க் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்குமேல் பி.எட். பிள்ளைகள் எழுதியது. டீச்சிங் பிராக்டிஸுக்காக மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று ஆளுக்கொரு திசையில் போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கவலை: பதினாலு பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு இலக்கியத்தை எப்படி நடத்துவது? சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுங்கள். இந்த வாரம் வகுப்பறைக்கு.

பி.எட். மாணவி, திருமங்கலம்: திங்கட்கிழமை முதன்முதலாக ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையப் போகிறேன். இப்போதே கை நடுங்குகிறது. தெம்பாக ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

சங்கப் புலவர் பட்டியலை எடுத்துப் பார் தாயி. மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் என்று ஒருவர் இருக்கிறார். பேரிலேயே வாத்தியார் வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரைப் பாலாசிரியர் நற்றாமனார் என்று இன்னொருவர். உனக்கு முன்னால் இந்த ஊரில் இதே வேலைக்கு ரெண்டாயிரம் வருஷமாக ஆள் போய்க்கொண்டிருக்கிறது. நடுக்கத்துக்கு முதல் பீரியடைக் கொடு. ரெண்டாவது பீரியட் உன்னுடையது.

பி.எட். மாணவர், மேலூர்: பாட்டை நடத்தி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "இது நல்லாவே இல்ல சார்" என்றான். கைடு டீச்சர் அவனை முறைத்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

நக்கீரர் யார் பிள்ளை? மதுரைக் கணக்காயனார் மகனார். கணக்காயர் என்றால் ஆசிரியர். சிவபெருமானே எழுதிக் கொடுத்தாலும் குற்றம் குற்றமே என்று கதையில் நிற்பவர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. உங்கள் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஏன் நல்லா இல்லை என்று அஞ்சு வரி எழுதச் சொல்லுங்கள். நெற்றிக்கண்ணைத் திறப்பது ஆசிரியர் வேலையில் சேராது.

ஆசிரியப் பயிற்சி மாணவர், திருப்பரங்குன்றம்: பாரதியார் மதுரையில் எத்தனை வருஷம் ஆசிரியராக இருந்தார்?

வருஷமா? 1904 ஆகஸ்டில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். நவம்பரில் சுதேசமித்திரனுக்குப் போய்விட்டார். வயசு 21. உங்கள் 16 வாரப் பயிற்சியைவிடக் குறைந்த காலம்தான். இன்றைக்கும் அந்தப் பள்ளி அவர் பேரைச் சொல்கிறது.

பி.எட். மாணவி, வாடிப்பட்டி: பத்தாம் வகுப்புக்கு முல்லைப்பாட்டு நடத்தினேன். சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியட். சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு எல்லாம் போர்டில் அழகாக எழுதினேன். கடைசி பெஞ்ச் தூங்கியே விட்டது. எங்கே தப்பு?

போர்டில்.

பத்துப்பாட்டிலேயே சின்னப் பாட்டு முல்லைப்பாட்டு, 103 அடி. பாடப்புத்தகத்தில் அதன் தொடக்கம் மட்டும். கதை என்ன? மழைக்கால மாலை. போருக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. வீட்டிலுள்ள முதிய பெண்கள் ஊர்ப்புறம் போய், நெல்லும் பூவும் தூவி, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் விழாதா என்று காத்து நிற்கிறார்கள். அங்கே குளிரில் கையைத் தோளோடு கட்டிக்கொண்டு ஒரு இடைப்பெண். தாயைத் தேடித் தவிக்கிற கன்றுக்குட்டியிடம், உங்க அம்மா இப்ப வந்துரும் என்று சொல்கிறாள். அந்த ஒரு சொல்லைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். அதற்குப் பேர் விரிச்சி.

போன மழைக்காலத்தில் உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பயிற்சிக்கு வந்த பெண் இதை நடத்தியபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாக்பீஸைத் தொடவில்லை. பாட்டை ரெண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "உங்க வீட்ல யாராவது யாருக்காச்சும் காத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் ஜன்னலோரத்திலிருந்து ஒரு பையன் எழுந்தான். சட்டையில் மேல் பித்தான் இல்லை. அப்பா சவுதியில் டிரைவராம். "பல்லி கத்துனா எங்கப்பத்தா தரைய விரலால தட்டும் டீச்சர். இன்னைக்கு உங்கப்பன் போன் வரும்டான்னு சொல்லும்."

"வருமா?"

"சில நேரம் வரும்."

அவள் திரும்பிப் போர்டில் ஒரே சொல்லை எழுதினாள்: விரிச்சி. அந்தச் சொல்லுக்கு யாரும் பொருள் கேட்கவில்லை. எல்லார் வீட்டுச் சுவரிலும் பல்லி இருந்தது.

பி.எட். மாணவர், சோழவந்தான்: இப்படிப் பிள்ளைகள் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நாங்கள் என்ன செய்வது?

கேளுங்கள். ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பி.எட். மாணவி, மதுரை அண்ணா நகர்: குறுந்தொகை என்று சொன்னாலே பையன்கள் 'ஓ' போடுகிறார்கள். பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். காதல் பாட்டைக் கடந்து போய்விடலாமா?

போகாதே மகளே. அகப்பாட்டுக்குத் தொல்காப்பியம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது: காதலிக்கிறவர்கள் பேரைச் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி; அவ்வளவுதான். சங்கத்துக் காதலர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெஞ்சில் பக்கத்து வகுப்புப் பெண் பேரைக் காம்பஸால் கீறுகிறவனிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லு. 'ஓ' அடங்கும். குனிந்த தலை நிமிரும்.

தமிழாசிரியர், உசிலம்பட்டி: திருக்குறளில் காமத்துப்பாலை மட்டும் பள்ளியில் ஒதுக்குவது சரியா?

2016-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அறத்துப்பாலையும் பொருட்பாலையும் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் மூன்றாம் பாலின் 25 அதிகாரம், 250 குறள் வாசலிலேயே நிற்கிறது. பிரிவு, காத்திருப்பு, ஊடல், கனவில் வருவது என்று இந்த வயசுக்குத் தேவையான கண்ணியமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்காவது பத்துக் குறள் கொடுங்கள். அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் செல்போனில் எப்படியும் படிக்கிறார்கள். அங்கே நடத்துகிறவர் வள்ளுவர் இல்லை.

கல்லூரி மாணவர், செல்லூர்: ரீல்ஸ் பார்க்கிற பயல்களுக்கு இலக்கியம் நீளமாகத் தெரியாதா?

குறள் ஏழே சீர். அதைவிடச் சின்ன ரீல்ஸ் இருந்தால் காட்டு தம்பி.

வாசகி, திருமங்கலம்: கண்ணகிக்கும் கோவலனுக்கும் கல்யாணத்தின்போது என்ன வயசு?

சிலப்பதிகாரக் கணக்குப்படி அவளுக்கு 12, அவனுக்கு 16. ஏழாம் வகுப்புப் பெண்ணும் பிளஸ் ஒன் பையனும். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். பெண் பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். அன்றைய பாடம் அங்கேதான் ஆரம்பம்.

பி.எட். மாணவர், சமயநல்லூர்: கோனார் தமிழ் உரையின் கோனார் உண்மையிலேயே இருந்தாரா?

இருந்தார். ஐயன்பெருமாள் கோனார், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். உரை நல்ல ஊன்றுகோல். ஆனால் பாட்டைப் படிக்காமல் உரையை மட்டும் படிக்கிறவன், மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஜாதகத்தோடு குடித்தனம் நடத்துகிறவன்.

பத்தாம் வகுப்பு ஆசிரியை, மேலூர்: 'புயலிலே ஒரு தோணி' பாடம் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. இந்தோனேசியாக் கடலுக்கும் மேலூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள்.

ரொம்ப நெருங்கிய சம்பந்தம். ப. சிங்காரம் பிறந்தது உங்கள் பக்கத்துச் சிங்கம்புணரி. படித்தது மதுரை. பிழைக்கப் போனது இந்தோனேசியாவின் மேடான். போர் முடிந்து திரும்பி வந்து மதுரை தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ.வில் ஒரே ஒரு அறை, அரை நூற்றாண்டு. 1997-இல் காலமானார். அந்த நாவலில் மேடானில் இருக்கிறவன் நெஞ்சுக்குள் மதுரைத் தெருக்கள் ஓடும். "உங்க வீட்லருந்து யாராவது சிங்கப்பூர், துபாய் போயிருந்தா கை தூக்குங்க" என்று கேளுங்கள். போனவர் பிள்ளை கை தூக்கும். தோணி கரைக்கு வந்துவிடும்.

பி.எட். மாணவர், அலங்காநல்லூர்: எங்கள் பள்ளியில் பையன்களுக்கு மாட்டைத் தவிர எதிலும் நாட்டமில்லை.

அதிர்ஷ்டக்காரர் நீங்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கையடக்கக் கதை. தன் அப்பனைக் குத்திய காரிக் காளையை அணையப் பிச்சி வந்து நிற்கிறான். உரக்கப் படித்துக்கொண்டே போய், காரி வாடிக்குள் வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். இடையில் "அப்படிப் பிடிக்கக் கூடாது சார்" என்று எவனாவது எழுந்தால் அவனை முன்னால் கூப்பிட்டு நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள். திமில் பற்றி அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

ஆங்கில ஆசிரியப் பயிற்சி மாணவி, ஊமச்சிகுளம்: வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூவை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. எப்படி நடத்துவது?

மல்லிகையைப் பார்த்திருக்கிறார்களே. விடியுமுன் மல்லித் தோட்டத்தில் மொக்குப் பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை உன் வகுப்பிலேயே இருக்கும். விரல் நுனியை மோந்து பார்க்கச் சொல்லு. அந்தப் பூவைப் பற்றி அவள் நாலு வரி எழுதட்டும். அப்புறம் வேர்ட்ஸ்வொர்த்தைக் கூப்பிடு, வருவார்.

பி.எட். மாணவி, பெயர் வேண்டாம்: என் வகுப்பில் சில பிள்ளைகள் கையில் நிறக்கயிறு கட்டி வருகிறார்கள். இலக்கிய வகுப்பில் சாதியைப் பற்றிப் பேசலாமா? ஆசிரியர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

நாம் பேசாவிட்டால் கயிறு பேசும். எழுத்தாளர் பாமா ஆசிரியையாக இருந்தவர். அவருடைய 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கண்ணில் படுகிற காட்சிகள் இருக்கின்றன. சண்டை மூட்டாமல், பிரசங்கமும் பண்ணாமல், ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்துக் காட்டு. கயிறு கட்டியவனுக்காக மட்டுமில்லை தாயி, அவன் பக்கத்தில் உட்காரத் தயங்குகிற பிள்ளைக்காக.

பத்தாம் வகுப்பு ஆசிரியர், பேரையூர்: 'இலக்கிய நயம் பாராட்டுக' கேள்விக்கு நாற்பது பேரும் ஒரே பதிலை எழுதுகிறார்கள்.

மோனை முத்தாய்ப்பு, எதுகை இனிமை, சந்தம் துள்ளல், கவிஞர் வாழ்க. தெரியும். எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகிற பாராட்டு, எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே மொய்க் கவர் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது? வகுப்புத் தேர்விலாவது ஒரு வரி கூட்டிக் கேளுங்கள்: 'உனக்குப் பிடித்த ஒரு சொல் எது, ஏன்?' நாற்பது பதில் வரும்.

பெற்றோர், விளாங்குடி: இந்தக் காலத்திலும் செய்யுளை மனப்பாடம் செய்யச் சொல்வது நியாயமா?

நியாயம். பத்துத் தடவை இம்போசிஷன் எழுதச் சொல்வதுதான் அநியாயம். பாட்டு வாய்க்குள் போகட்டும், வாய்விட்டு, ராகத்தோடு. பொருள் அதன் நேரத்துக்கு வந்து சேரும். எட்டாம் வகுப்பில் நான் நெட்டுருப் போட்ட ஒரு புறநானூற்றுப் பாட்டுக்கு முப்பது வருஷம் கழித்து, எங்கம்மா போன அன்றைக்கு, தத்தனேரி மயானத்திலிருந்து திரும்பி வருகிற வழியில் பொருள் தெரிந்தது. அன்றைக்கு அது கையில் இல்லாவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டிருப்பேன்?

பி.எட். மாணவர், திருப்புவனம்: பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போகச் சொல்கிறார்கள். எங்கே போவது?

திருப்புவனத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்தாயிற்று. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பேர் கீறியிருப்பதைக் காட்டுங்கள். அப்படியே உங்கள் பையன்களின் டிபன் பாக்ஸ் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதே வேலை, அதே ஆணியெழுத்து.

முதுகலைத் தமிழ் மாணவி, தெப்பக்குளம்: நல்ல இலக்கிய ஆசிரியர் என்பதற்கு என்ன அடையாளம்?

உங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறமே இருக்கிறது. 1949-இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரியில் ஔவை துரைசாமியும் சி. இலக்குவனாரும் தமிழ் நடத்தினார்கள். அங்கே படித்தவர்கள் அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன், இன்குலாப். பழந்தமிழ் கேட்ட காதோடு நாலு பேரும் புதுக்கவிதைக்குப் போனார்கள். நாலு பேரும் நாலு குரல்.

பி.எட். மாணவர், கள்ளந்திரி: லெசன் பிளானில் 45 நிமிஷத்தையும் நிமிஷம் நிமிஷமாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

பிரியுங்கள். அஞ்சு நிமிஷத்துக்கு எதிரே 'பிள்ளைகள்' என்று மட்டும் எழுதுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, வாடிப்பட்டி: எங்களுக்கு வந்திருக்கிற புது டீச்சர் பாட்டுப் படிக்கும்போதே அழுதுவிட்டார். பையன்கள் கேலி பண்ணுகிறார்கள். நான் என்ன செய்ய?

எந்தப் பாட்டு என்று எழுதி அனுப்பு ஆத்தா. நானும் படிக்கணும்.